எந்த அறை, யாரோடு?

விடுதித் துணை வார்டனாக இருப்பவருக்குக் கல்லூரி திறக்கிற மாதத்தில் வரும் போன்களில் முக்கால்வாசி ஒரே வேண்டுகோள்தான். "மேடம், நம்ம பக்கத்துப் பிள்ளைகளாப் பாத்து ரூம் போட்டுக் குடுங்க." அந்த 'நம்ம பக்கம்' சில நேரம் தேனியாக இருக்கும், சில நேரம் குண்டூராக இருக்கும். சில நேரம் அது ஊரே இல்லை. சாதியைப் போனில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. "உங்களுக்குத் தெரியாததா மேடம்" என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். மீதியை நான் புரிந்துகொள்ள வேண்டும். புரியாத மாதிரி இருந்துவிடுவது என் வழக்கமாக இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் இராஜபாளையம். இந்தப் பக்கத்துப் பொறியியல் கல்லூரிகளில் கணிதம் நடத்தி, கூடவே பெண்கள் விடுதியையும் மேய்த்து, இப்போது ஓய்வில் இருக்கிறேன். "பல மாநில மாணவர்கள், ஒரே குடும்பம்" என்ற மாதிரி வாசகம் இல்லாத கல்லூரி விளம்பரப் பலகையை நான் பார்த்ததில்லை. எல்லாரும் ஒரே காம்பவுண்டுக்குள் இருக்கிறார்கள், சரி. ஒருத்தரோடு ஒருத்தர் ஒட்டுகிறார்களா என்பது வேறு சங்கதி. பொங்கல் விழாவும் ஒருமைப்பாட்டு உறுதிமொழியும் அதை முடிவு செய்வதில்லை. ஆபீசில் ஒருவர் கம்ப்யூட்டரில் தட்டுகிற பட்டியல்கள் முடிவு செய்கின்றன. எந்த அறையில் யார், லேப் பேட்ச்சில் யாருக்குப் பக்கத்தில் யார், எந்த மெஸ்ஸில் யாருக்குச் சாப்பாடு. என் கட்சி இதுதான். கூட வேலை பார்த்தவர்கள் பலர் இதை ஒப்புக்கொண்டதில்லை. "பிள்ளைகள் தானாகப் பழகிக்கொள்ளும் மேடம்" என்பார்கள். தானாகப் பழகுவது என்றால் தன் ஆட்களோடு பழகுவதுதான்.

இராஜபாளையத்தில் மதுரை பஸ் ஏறினால், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டிக் கிருஷ்ணன்கோவில் வரும். அங்கே 1984-ல் தி. கலசலிங்கம் ஒரு பொறியியல் கல்லூரி தொடங்கினார். சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு எம்.ஜி.ஆர். அரசு வழி திறந்துவிட்ட காலம் அது. 2006-ல் அந்தக் கல்லூரி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. இன்று சாயங்காலம் அந்த பஸ் ஸ்டாப்பில் நின்றால் தெலுங்கு தாராளமாகக் காதில் விழும். டீக்கடைக்காரருக்கு எண்ணிக்கையும் சில்லறையும் தெலுங்கில் வரும். தொடர் விடுமுறைக்கு முந்தின நாள் ரோட்டோரம் வரிசையாக உருட்டுப் பெட்டிகள் நிற்கும். பாதிப் பெட்டிகள் ஆந்திராவுக்கு.

இராஜபாளையத்திலேயே வேறு மாதிரிக் கல்லூரிகளும் இருக்கின்றன. 1973-ல் தொடங்கிய இராஜுக்கள் கல்லூரிக்குச் சுற்று வட்டாரக் கிராமத்துப் பிள்ளைகள்தான் வருகிறார்கள். 2013-ல் வந்த ராம்கோ இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி அண்ணா பல்கலைக்கழக இணைப்பு பெற்றது. அந்த மாதிரிக் கல்லூரிகளுக்குக் கவுன்சிலிங் வழியாகப் பிள்ளைகள் வருவார்கள். 69 சதவீத இடஒதுக்கீடு உண்டு, 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீதம் உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் அந்தக் கவுன்சிலிங்குக்குள் வராது. எந்த மாநிலத்துப் பிள்ளையையும் தானே நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும். ஆக, ஒரே ரோட்டில் இரண்டு விதக் கலப்பு. ஒன்று மாநிலங்களைக் கலக்கிறது, இன்னொன்று தெருக்களைக் கலக்கிறது.

உயர்கல்வி குறித்த மத்திய அரசின் 2021-22 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம். அகில இந்திய அளவு 28.4. கல்லூரி வயதுப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேரின் எண்ணிக்கைக்கு இங்கே இடம் இருக்கிறது என்று இதை எளிதாகப் புரிந்துகொள்ளலாம். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் உள்ளே போன பாதிப் பேர் யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். விஜயநகரக் காலத்தையொட்டி இந்தப் பக்கம் வந்து குடியேறியவர்களின் பேச்சு இது. இராஜபாளையத்தில் பல குடும்பங்கள் இப்படித்தான். பேச்சு தெலுங்கு, எழுத்து தமிழ். ஒரு தடவை நெல்லூர்ப் பெண் ஒருத்திக்குக் காய்ச்சல். டாக்டரிடம் காட்டிவிட்டு எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்து கஞ்சி கொடுத்தேன். என் மாமியார் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஊர், உறவு எல்லாம் தெலுங்கில் விசாரித்தார். அந்தப் பெண் காய்ச்சலோடு காய்ச்சலாக என்னைப் பார்த்துச் சிரித்து, "இதி ஏ ஊரி தெலுகு, மேடம்?" என்றாள். மாமியாருக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "இது ராஜபாளையத்துத் தெலுங்கு. நீ பேசுறது சினிமாத் தெலுங்கு" என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்து போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்து அவள் நெற்றியில் பத்துப் போட்டுவிட்டார், அது வேறு விஷயம்.

அதைப் பார்த்த எனக்கு ஒன்று உறுதியாயிற்று. மொழி ஒன்றாக இருந்தால் ஒட்டுதல் தானாக வந்துவிடும் என்பது கதை. எங்கள் ஊரில் தெலுங்கும் தமிழும் நூற்றாண்டுக் கணக்கில் அண்டை வீடு. அதற்காக எல்லாத் தெருவும் எல்லாருக்கும் திறந்து கிடந்தது என்று நான் சொல்ல மாட்டேன்.

அறைப் பட்டியலுக்கு வருகிறேன். எங்கள் விடுதியில் அறைக்கு மூன்று பேர். இது பெரும்பாலும் எப்படி நடக்கும் தெரியுமா? ஒரே கோச்சிங் சென்டரில் படித்தவர்கள் ஒன்றாக வந்து சேருவார்கள், ஒன்றாகப் பணம் கட்டுவார்கள், அடுத்தடுத்து ரசீது விழும், ரசீது வரிசையில் அறை விழும். யாரும் திட்டமிட்டுப் பிரிக்கவில்லை. ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள் முதல் மாடி தெலுங்கு மாடி, இரண்டாவது மாடி தமிழ் மாடி என்று பெயர் விழுந்துவிடும். கீழே தண்ணீர் வராவிட்டால் மேலே சண்டை. அப்புறம் தெலுங்குக்காரர்களைக் கேலி செய்யும் 'கொல்ட்டி' என்ற பட்டப்பெயர் காதில் விழ ஆரம்பிக்கும்.

நான் பட்டியல் போட்ட ஆண்டுகளில் ரசீது வரிசையைத் தூக்கி வைத்துவிட்டேன். ஓர் அறையில் ஆந்திரா அல்லது தெலங்கானாப் பெண் ஒருத்தி, நம் தென்மாவட்டத்துப் பெண் ஒருத்தி, மூன்றாவதாகக் கேரளமோ சென்னையோ கொங்குப் பக்கமோ. முதல் வாரம் அழுகை. இரண்டாம் வாரம் புகார். லைட்டை எத்தனை மணிக்கு அணைப்பது, போனில் ஸ்பீக்கர் போட்டுப் பேசலாமா, கோங்குரா ஊறுகாய் ஜாடியை யார் மேஜையில் வைப்பது. பக்கெட் சண்டையைத் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் குளியலறை வரிசையில் யார் பக்கெட் யாருடையது என்று வாக்குவாதம் வரும் என்பதற்காகச் சிவப்பு நெயில் பாலிஷால் பக்கெட்டில் பெயர் எழுதி வைப்பார்கள். ஓர் அறையில் மட்டும் மூன்று பெயரும் ஒரே பக்கெட்டில் எழுதியிருந்தது. மற்ற இரண்டு பக்கெட் எங்கே என்று கேட்டேன். ஒன்றில் துணி ஊறவைக்கிறார்களாம், இன்னொன்று உடைந்துவிட்டதாம், புதிது வாங்குவதற்குப் பதில் அந்தக் காசில் பால்கோவா வாங்கியாயிற்றாம். அந்த அறையைப் பற்றி அப்புறம் எனக்குக் கவலை இல்லாமல் போயிற்று.

ஒட்ட வைத்தது அன்பு என்பதைவிடத் தேவை என்று சொல்வதுதான் நேர்மை. ஆந்திரப் பக்கம் இண்டர்மீடியட்டில் இரண்டு வருஷம் கோச்சிங் அரைத்த பெண்ணுக்குத் தொகை நுண்கணிதம் தூக்கத்திலும் வரும். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண், அறிவில் குறைச்சல் இல்லை, ஆனால் இங்கிலீஷ் புத்தகத்தைத் திறந்ததும் முகம் வெளிறிவிடும். அவளுக்கு இவள் கணக்கு சொல்லிக்கொடுத்தாள். இவளுக்கோ பஸ் போர்டு படிக்கத் தெரியாது, மெடிக்கல் ஷாப்பில் கேட்கத் தெரியாது, சிம் கார்டுக்கு எங்கே போவது என்று தெரியாது. அதற்கெல்லாம் அவள். கொடுக்கிறவளும் வாங்குகிறவளும் மாறி மாறி வந்ததால் யாருக்கும் மூக்கு உடையவில்லை.

சமூக உளவியலில் இதற்கு ஒரு பழைய கோட்பாடு இருக்கிறது. ஹார்வர்டில் இருந்த கார்டன் ஆல்போர்ட் 1954-ல் முன்தீர்ப்பு பற்றி எழுதிய புத்தகத்தில் சொன்னது: வெவ்வேறு பிரிவினர் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் மட்டும் வெறுப்பு குறையாது. சமமான நிலை வேண்டும், பொதுவான இலக்கு வேண்டும், சேர்ந்து செய்கிற வேலை வேண்டும், மேலே இருக்கிற நிர்வாகம் அதற்கு ஆதரவாக நிற்க வேண்டும். நான்காவதைக் கவனியுங்கள். நிர்வாகம் என்றால் எங்கள் ஊரில் வார்டன்.

தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் பல்கலைக்கழக விடுதியில் கறுப்பின மாணவரும் வெள்ளை மாணவரும் குலுக்கல் மாதிரி ஒரே அறையில் அமைந்தபோது என்ன ஆனது என்று பொருளியல் ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். வெள்ளை மாணவர்களின் மனத்தில் இருந்த தப்பெண்ணம் குறைந்தது; கறுப்பின மாணவர்களின் படிப்பு முன்னேறியது. நம் நாட்டிலேயே டில்லியில் ஒன்று நடந்தது. 2007-லிருந்து பல தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளுக்கு இடம் தர வேண்டியிருந்தது. அந்த வகுப்புகளில் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள் மற்றவர்களைவிடத் தாராள மனத்தோடும் ஏழைகளிடம் பாரபட்சம் குறைவாகவும் இருந்தார்கள் என்று கௌதம் ராவ் என்ற பொருளியல் அறிஞர் கண்டார். சில பள்ளிகளில் படிப்புக் குழுக்களைப் பெயரின் அகர வரிசைப்படி பிரித்திருந்தார்கள். யாருடைய பெயர் ஏழைப் பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில் வந்ததோ அவருக்குப் பழக்கம் கூடுதல். ஓர் எழுத்து வரிசை செய்த வேலை அது.

கிரிக்கெட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஆண்கள் விடுதி வார்டன்களுக்குத் தலைவலி அங்கேதான் தொடங்கும். உத்தரப்பிரதேசக் கிராமங்களில் மேட் லோ என்பவர் வெவ்வேறு சாதி இளைஞர்களைக் குலுக்கல் முறையில் அணி பிரித்துப் போட்டிகள் நடத்தினார். ஆய்வு 2021-ல் வெளிவந்தது. ஒரே அணியில் சேர்ந்து ஆடியவர்களுக்குப் பிற சாதி நண்பர்கள் கூடினார்கள். எதிரணியில் நின்று ஆடிய பழக்கத்தாலோ நட்பு கூடவில்லை, குறையத்தான் செய்தது. நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? 'ஆந்திரா டீம்', 'தமிழ்நாடு டீம்' என்று பிரிந்து ஞாயிற்றுக்கிழமை மேட்ச். எல்.பி.டபிள்யூ. தகராறு இரவு எட்டு மணிக்கு வார்டன் அறைக்கு வரும். சீட்டுக் குலுக்கி அணி பிரியுங்கள் என்று சொன்னால், "அப்ப மேட்ச்ல விறுவிறுப்பு இருக்காது சார்" என்று பையன்கள் சொன்னதாகச் சக வார்டன் ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இனிமேல் சொல்வதுதான் எனக்கு முக்கியம்.

நம் ஊரில் ஒருத்தரின் சாதியை அறிய யாரும் நேராகக் கேட்பதில்லை. "எந்த ஊரு?" அடுத்து, "ஊருக்குள்ளயா?" அதற்கு அடுத்து, "எந்தத் தெரு?" மூன்று கேள்வியில் முடிந்துவிடும். சிலருக்கு மூன்றாவது தேவைப்படாது. குலசாமி பெயரோ அப்பா பெயரோ போதும். ஆந்திரப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சுலபம். அவர்களின் சான்றிதழில் வீட்டுப் பெயர் முன்னால் நிற்கும், சிலருக்குப் பின்னொட்டும் இருக்கும். அவர்களுக்குள் பெயரை வாசித்த நிமிஷமே பாதி தெரிந்துவிடும்.

ஆனால் வத்திராயிருப்புப் பக்கத்துப் பெண்ணுக்கு அந்த வீட்டுப் பெயரை வாசிக்கத் தெரியாது. குண்டூர்ப் பெண்ணுக்கு நம் தெருப் பெயர் எதுவும் ஒன்றும் சொல்லாது. இரண்டு பேருக்கும் சாதி பார்க்கிற பழக்கம் இல்லை என்று அர்த்தமில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த கணக்கு இந்த அறையில் செல்லாது, அவ்வளவுதான். மாநிலம் மாறிப்போட்ட அறைகளில் பக்கெட்டும் ஊறுகாயும் சண்டையாகுமே தவிர, சாதி முதல் சில மாதங்களுக்குத் தலை காட்டவே காட்டாது. ஒரே மாவட்டத்துப் பெண்கள் மூன்று பேர் சேர்ந்த அறையில் அது முதல் ராத்திரியே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும்.

பட்டியல் சாதிப் பெண் ஒருத்தி, பக்கத்துக் கிராமம்தான். பள்ளியில் அவள் தெரு எல்லாருக்கும் தெரியும், யாரிடம் தண்ணீர் பாட்டில் கேட்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். விடுதியில் சேர்ந்து தீபாவளி விடுமுறைக்கு அவுட்பாஸ் கையெழுத்து வாங்க வந்தவள், நின்று நின்று சொன்னாள்: "மேம், இங்க யாரும் எந்தத் தெருன்னு கேக்கல. கேட்டாலும் அதுகளுக்குப் புரியாது." சொல்லிவிட்டுக் கையெழுத்தைச் சரிபார்த்து எடுத்துப் போனாள். அவள் அறைத் தோழியின் வீட்டுப் பெயர் எந்தச் சமூகத்துடையது என்பது எனக்குத் தெரியும், நான் தெலுங்கு வீட்டுக்காரி. நான் சொல்லவில்லை.

இதை நான் பெரிதாக ஊதவில்லை. மாணவிகள் கெட்டிக்காரர்கள், இரண்டாம் ஆண்டுக்குள் ஒருவரையொருவர் வாசிக்கக் கற்றுக்கொள்வார்கள். சீனியர்கள் சொல்லிக்கொடுப்பார்கள். பழக்கம் முந்துகிறதா, இந்த வாசிப்பு முந்துகிறதா என்பதுதான் போட்டி. பழக்கம் முந்திய அறைகளைப் பார்த்திருக்கிறேன். முந்தாத அறைகளும் உண்டு. அறை மாற்றம் கேட்டு வந்து காரணம் சொல்லாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

பள்ளிக்கூடத்தில் நடப்பது கல்லூரி வாசலில் நின்றுவிடுவதில்லை. தென்மாவட்டப் பள்ளிகளில் மணிக்கட்டில் கட்டுகிற வண்ணக் கயிறுகள் எந்தச் சாதியைச் சொல்கின்றன என்பது இந்தப் பக்கம் எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனும் அவன் தங்கையும் சக மாணவர்களால் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, அரசு ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர்க் குழுவாக நியமித்தது. 2024 ஜூனில் அவர் அறிக்கை தந்தார். கயிறு, மோதிரம் போன்ற அடையாளங்களுக்குத் தடை, பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்குவது என்று நிறையப் பரிந்துரைகள். அவற்றில் ஒன்று, மாணவர்களை அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்பது. அறிக்கையைத் திட்டியவர்களும் பாராட்டியவர்களும் பெரிய விஷயங்களைப் பற்றியே பேசினார்கள். எனக்கு அந்த அகர வரிசைதான் பிடித்தது. செலவில்லாதது, நாளைக் காலையே செய்யக்கூடியது, யாரும் கோர்ட்டுக்குப் போக முடியாதது.

கல்லூரியில் பதிவு எண் அகர வரிசையில் அமைவதால் லேப் பேட்ச்சில் இது ஏற்கெனவே ஓரளவு நடக்கிறது. ஆந்திரப் பிள்ளைகளுக்கு வீட்டுப் பெயரின் முதல் எழுத்து, நமக்கு நம் பெயரின் முதல் எழுத்து. காவ்யாவும் கார்த்திகாவும் கொண்டபள்ளிக்காரியோடும் கொல்லாக்காரியோடும் ஒரே மேஜையில் ஆசிலோஸ்கோப்பைத் திருகிக்கொண்டிருப்பார்கள். ஆனால் ப்ராஜெக்ட் என்று வரும்போது, "நீங்களே டீம் பிரிச்சுக்கோங்க" என்று ஆசிரியர் விட்டுவிடுவார். ஐந்து நிமிஷத்தில் வகுப்பு பழையபடி பிரிந்துவிடும்.

ஆசிரியர்களான எங்கள் பங்கும் சும்மா இல்லை. பாடம் இங்கிலீஷில் நடத்துவோம், ஜோக்கைத் தமிழில் சொல்வோம். பாதி வகுப்பு சிரிக்கும், மீதிப் பாதி அவர்கள் சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னால் காட்சி திரும்பும்.

சாப்பாட்டு விஷயத்தில் நமக்கு நூறு வருஷத்துப் பாடம் இருக்கிறது, அதுவும் இந்தத் தென்மாவட்டங்களிலேயே. வ.வே.சு. ஐயர் 1922-ல் தொடங்கிய குருகுலம், சேரன்மாதேவியில் நடந்தது. தேசபக்தியோடு தொடங்கிய நிறுவனம், தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டியின் பணமும் அதில் இருந்தது. அங்கே இரண்டு பிராமணப் பையன்களுக்கு மட்டும் தனியாகச் சாப்பாடு என்பது வெளியே தெரிந்தபோது, வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் விடவில்லை. காந்தி வரை போயிற்று. தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே அந்தச் சாப்பாட்டுப் பந்தி திருப்பியது. 1925 ஜூனில் பாபநாசம் அருவியில் மகளைக் காப்பாற்றப் போய் ஐயர் உயிரிழந்தார். நல்ல எண்ணத்தோடு நடத்தப்பட்ட ஒரு விடுதியில், இரண்டே இரண்டு தட்டுகள். எங்கள் விருதுநகர்க்காரர் காமராஜர் 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தபோது பசி மட்டும் அவர் மனத்தில் இருந்திருக்காது என்று நான் நினைக்கிறேன். ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளைப் பற்றியும்தான் நினைத்திருப்பார்.

முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். 2018 டிசம்பரில் சென்னை ஐ.ஐ.டி. மெஸ் ஒன்றில் சைவச் சாப்பாட்டுக்காரர்களுக்குத் தனி வாசல், தனி கைகழுவுமிடம் என்று நோட்டீஸ் ஒட்டப்பட்டது. மாணவர்கள் எதிர்த்த பிறகு அகற்றினார்கள். எங்கள் பக்கம் இவ்வளவு அப்பட்டமாக இல்லை. இங்கே பிரிப்பது காரம். ஆந்திரா மெஸ், தமிழ்நாடு மெஸ், நார்த் மெஸ் என்று வைப்பது பிள்ளைகள் வயிறாரச் சாப்பிடுவதற்குத்தான். அதில் தப்பு காண மாட்டேன். காரமில்லாமல் சாப்பிட்டு இளைத்துப்போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். சமையலை மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள், மேஜையை மூன்றாக்காதீர்கள் என்பதுதான் என் வாதம். தட்டை எங்கே வாங்கினாலும் ஒரே ஹாலில் உட்காரட்டும். இதற்கு ஒரு சுவரை இடித்தால் போதும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். அது தாங்கு சுவர் என்றார்கள்.

அரசு விடுதிகளையும் பேசாமல் விட முடியாது. ஆதிதிராவிடர் நல விடுதி, பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி, மிகப் பிற்படுத்தப்பட்டோர் நல விடுதி என்று துறை வாரியாகத் தனித்தனிக் கட்டடங்கள். அவை வந்த காரணம் நியாயமானது. வாடகைக்கு வீடு தராத ஊர்களில் அந்த விடுதிகள் இல்லாவிட்டால் எத்தனையோ பேர் பட்டம் வாங்கியிருக்கவே முடியாது. 2025 ஜூலையில் அவை எல்லாவற்றுக்கும் 'சமூகநீதி விடுதி' என்று ஒரே பெயர் வைத்தது அரசு. நல்லது. பலகையில் சாதி எழுதியிருக்கிற வாசல் வழியாகத் தினமும் ஒரு பிள்ளை போய்வரத் தேவையில்லை. பிற வகுப்பினருக்குக் கொஞ்சம் இடம் தருகிற விதியும் இருக்கிறது. ஆனாலும் ஒரு துறையின் விடுதியில் பெரும்பாலும் ஒரு வகுப்பினரே இருக்கிறார்கள். பெயர்ப் பலகையைப் போல உள்ளே இருக்கிற பட்டியலையும் ஒன்றாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றுகிறது. சுலபமில்லை என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

கிருஷ்ணன்கோவிலில் நான் ரசித்துப் பார்த்த ஒரு கூட்டம் உண்டு. பேச்சு, செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்று கலசலிங்கம் பல்கலைக்கழகத்தில் பி.டெக். வகுப்பு நடக்கிறது. டீக்கடையில் அந்தப் பிள்ளைகள் நான்கைந்து பேர் நின்றால் கைகள் பறக்கும். யார் எந்த ஊர் என்று என்னால் கண்டுபிடிக்க முடிந்ததில்லை. பேசுகிற பையன்கள் சிலரும் அவர்களோடு சேர்ந்து தப்பும் தவறுமாகக் கையசைப்பார்கள். தப்பாக அசைத்தால் மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரிக்கும். அந்தக் கேலியில் யாருக்கும் காயம் பட்டதாகத் தெரியவில்லை.

ஆண் பெண் பழக்கத்தைப் பற்றிச் சொல்லப்போனால் தனிக் கட்டுரை வேண்டும். பேசினால் ஃபைன், தனித்தனி மாடிப்படி, பஸ்ஸில் நடுவில் கோடு என்று நடத்துகிற சுயநிதிக் கல்லூரிகள் தமிழ்நாட்டில் இன்னும் இருக்கின்றன. பதினெட்டு வயதான இரண்டு பேர் இங்கிலீஷ் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளக் கூடாது என்று ஒரு நிர்வாகம் நினைத்தால், அந்த நிர்வாகத்திடம் போய் நான் எந்தக் கலப்பைப் பற்றிப் பேசுவது?

டே ஸ்காலர்கள் பாவம், கணக்கிலேயே வருவதில்லை. சாயங்காலம் கல்லூரி பஸ் கிளம்பும்போது அவர்களின் நாள் முடிந்துவிடும். சத்திரப்பட்டியிலிருந்தும் சேத்தூரிலிருந்தும் வருகிற பிள்ளைகள் ஊர் வாரியாக ஒரே பஸ்ஸில் ஏறி, ஊர் வாரியாக உட்கார்ந்து, அதே ஊருக்குத் திரும்பிப் போகிறார்கள். நான்கு வருஷம் படித்தும் ஓர் ஆந்திரப் பெண்ணின் வீட்டுப் பெயர் தெரியாமல் பட்டம் வாங்கியவர்கள் இவர்களில் நிறையப் பேர். குழுவாகச் செய்கிற வேலையை வகுப்பு நேரத்துக்குள்ளேயே வைத்தால்தான் இவர்கள் உள்ளே வருவார்கள்.

இரண்டாம் ஆண்டிலிருந்து அறையை அவரவர் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்பது எங்கள் விதி. அதை நான் எதிர்த்ததில்லை. ஒரு வருஷம் கட்டாயம், அப்புறம் அவரவர் விருப்பம். பெரும்பாலோர் தங்கள் மொழிக்காரர்களோடு போய்ச் சேர்ந்துகொள்வார்கள், தூக்கத்தில் பேசினாலும் புரிகிற ஆளோடு தங்குவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் பழைய அறைத் தோழி ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போவாள், பரீட்சைக்கு முந்தின ராத்திரி கதவைத் தட்டுவாள். ஒரே பக்கெட்டில் பெயர் எழுதிய மூவரில் ஒருத்தியின் கல்யாணத்துக்கு மற்ற இருவரும் வந்திருந்தார்கள். எனக்கும் பத்திரிகை வந்தது. பந்தியில் அந்த இருவரில் குண்டூர்ப் பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர், "நீங்க எந்த ஊரு, எந்தத் தெரு?" என்று ஆரம்பித்தார். அவள் நல்ல தமிழில், "லேடீஸ் ஹாஸ்டல், செகண்ட் ஃப்ளோர், பாட்டி" என்றாள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. கல்லூரிக்குள் கால் வைப்பதற்கு முன்பே மாநில வாரியாக, மாவட்ட வாரியாக வாட்ஸாப் குழு தொடங்கிவிடுகிறார்கள். சேர்க்கைப் பணம் கட்டிய அன்றே அறைத் தோழிகள் முடிவாகிவிடுகிறார்கள். இணையத்தில் நிரப்புகிற விடுதிப் படிவத்தில், 'விரும்பும் அறைத் தோழிகளின் பதிவு எண்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெற்றோருக்கு வசதியாக இருக்கட்டும் என்று வைத்தார்களாம். நான் இருந்தபோது பெற்றோர் போனில் கெஞ்சிக் கேட்டதை இப்போது ஒரு கட்டத்தில் நிரப்பிவிடலாம். முதலாம் ஆண்டுப் படிவத்திலிருந்து அந்த ஒரு கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று பார்க்கிற வார்டன்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சாஃப்ட்வேர்க்காரரிடம் கேட்க வேண்டும் என்கிறார்கள்.